தேதிக்கு மாறும் சாவி

புவனா,

சனிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாக நினைத்து, மூன்று வாரமும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்து போய்விட்டேன். செம்பனைக் குலைக்கு விலை பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டு விஷயம் என்றால் வாய் வராது. "ஒங்கப்பாவுக்கு நாக்கு வியாபாரத்துக்கு மட்டுந்தான் வேல செய்யும்" என்று உன் அம்மா முப்பது வருடமாகச் சொல்கிறாள், தப்பில்லை. அதனால் எழுதுகிறேன். நீ கிளம்புமுன் சண்முகம் சித்தப்பா உன்னோடு பழையபடி ஒரு வார்த்தை பேசுவாரா என்பதுதான் உன் கவலை என்று எனக்குத் தெரியும். பெட்டி அடுக்கும்போதுகூட அம்மாவிடம் இரண்டு முறை கேட்டாயாம். அவர் உன்மேல் வைத்திருக்கும் வருத்தம் உனக்குச் சேர வேண்டியதில்லை. அதற்குச் சொந்தக்காரன் நான். இரண்டு வருடமாக அதை உன் தலையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன்.

இதை ஏன் அச்சில் கொடுக்கிறேன் என்று நீ கேட்பாய். நம் வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டது. 'நான் முன்னேறிய கதை' என்று எழுத வேண்டுமாம். வருடா வருடம் யாராவது ஒருவர் சைக்கிளில் வாழைப்பழம் விற்றதில் தொடங்கி மாடிவீட்டில் முடிப்பார். என் கதையும் அதேதான், வாழைப்பழத்துக்குப் பதில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை. அதைப் படித்து யாருக்கு என்ன பிரயோசனம்? செயலாளரைக் கூப்பிட்டு, "என் மகளுக்கு ஒரு கடுதாசி எழுதுறேன், அதப் போடுங்க" என்றேன். "சொந்த விஷயமாச்சே அண்ணே?" என்றார். "அதனாலதான் போடச் சொல்றேன்" என்றேன். பத்துப் பேர் நடுவில் ஒருவர் தலைகுனிந்தால், அதைச் சரிசெய்வதும் பத்துப் பேர் நடுவில்தான் நடக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தீர்ந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதலில் உன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என் சிறுமை. போன மாதம் ராசா பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர், டயர் கடை வைத்திருப்பவர், "ஒங்க மக அயர்லாந்து போவுதாமே, என்னா வேல?" என்று கேட்டார். "சாவி மாத்துற வேல" என்றேன். "பூட்டு ரிப்பேரா? அதுக்கா அவ்வளவு தூரம்?" "ஆமா லா, அங்க பூட்டு பெருசு." மேசையே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு நான் விளக்க ஆரம்பித்தேன். நம் ரேம்ப்பில், அதாவது குலைகளை வாங்கிச் சேர்த்து ஆலைக்கு அனுப்பும் நம் மேடையில், குலை கொண்டுவந்து போடும் நானூறு சொச்சம் பேருடைய அடையாள அட்டையான ஐசியின் எண், நிலப் பட்டா நகல், வங்கி எண், கைப்பேசி எண் எல்லாம் முன்பு அலமாரியில் கோப்பாக இருந்தன. இப்போது எங்கேயோ ஒரு நிறுவனம் வாடகைக்கு விடும் கணினிகளில் இருக்கின்றன, கிளவுட் என்கிறார்கள். வாடகை இடம் என்பதால், எவன் கண்ணில் பட்டாலும் படிக்க முடியாதபடி எழுத்தையெல்லாம் கலைத்துப் போட்டு வைக்கிறார்கள். கலைந்ததைத் திரும்பச் சேர்க்க ஒரு சாவி. இரும்பு இல்லை, மிக நீளமான ஓர் எண். அந்த இடத்துக்குள் போவதற்கே இன்னொரு சாவி. இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், என் மகள் சொல்லிக் கொடுத்தது, அதே வேலையை அங்கே எத்தனையோ நாட்டுக்காரர்களுடைய சாவிகளுக்குச் செய்யப் போகிறாள் என்றேன்.

டயர் கடைக்காரர் விடவில்லை. "தொலஞ்சாத்தானே சாவிய மாத்தணும்? தொலையாமயே எதுக்கு மாத்துறீங்க?" அதற்கு நீ எனக்குச் சொன்ன பதிலையே சொன்னேன்: "தொலஞ்சா தெரிஞ்சிரும். எவனாச்சும் அச்சு எடுத்துட்டுப் போனா, சாவி நம்ம பாக்கெட்லயேதான் கெடக்கும்." அப்பளத்தை நொறுக்கப் போன கை அப்படியே நின்றது. "நல்லா வெளங்குது" என்று பாராட்டினார். அது உன் வார்த்தை என்று நான் சொல்லவில்லை. பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய திருட்டுகளில் அதுதான் சின்னது.

சண்முகம் யார் என்று மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பெடாஸ் சாலையோரத்தில் ஒரு தராசும் ஒரு கிழட்டு லோரியுமாக நான் குலை வாங்க ஆரம்பித்தபோது இரண்டாவது ஆளாக வந்து சேர்ந்தவர். முதல் ஆள் நான். எழுத்து வேலை முழுக்க அவருடையது. எந்தத் தோட்டக்காரர் எப்போது வருவார், யாருக்குக் கண் தெரியாது, யாருடைய ரசீதை மகனிடம் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. என்னை 'அண்ணே' என்பார். அதனால் நீ அவரைச் 'சித்தப்பா' என்றாய். தமிழ்ப் பள்ளிக்கு உன்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் பாதி நாள் அவர்தான். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று நான் அழவில்லை, அவர் அழுதார். கௌண்டர் கணினியில் உட்காருகிற ஆள் அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், நீ கோலாலம்பூரில் வேலையில் இருந்தபோது, ஒரு சனி ஞாயிறு வந்து நம் கணினி முறையைப் பிரித்துப் பார்த்தாய். எவனோ ஒரு புரோகிராமர் ஆறு வருடத்துக்கு முன் அமைத்துக் கொடுத்தது. "அப்பா, ஆறு வருஷமா ஒரே சாவி ஓடுது. அமைச்சவர் கையிலயும் இருக்கு, ரிப்பேருக்கு வந்தவர்கிட்ட ஒரு காப்பி, சித்தப்பா ஹென்போன்ல படம் புடிச்சி ஒன்னு. மாத்தியே ஆகணும்" என்றாய். "ஆறு வருஷமா ஒன்னும் ஆகலியே" என்றேன். "ஒன்னும் ஆகலன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். கேள்வி கேட்டால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், கத்தினேன். "யாரச் சந்தேகப்படுற நீ? சண்முகத்தையா?" "யாரையும் இல்லப்பா." "யாரையும் இல்லன்னா எதுக்குப் பூட்ட மாத்துற? தோட்டத்துல ஒரு பூட்டு மாறிச்சின்னா லயம் பூரா கேப்பான், யாரு திருடுனான்னு! படிச்ச புள்ளைக்கு இது தெரியல?" நீ மடிக்கணினியை மூடி வைத்தாய். என் முகத்தில் எதையோ பார்த்திருக்கிறாய். அது என்ன என்று இதுவரை நான் சொன்னதில்லை.

உன் தாத்தா, என் அப்பா, பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் உரம் போடும் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் உரக் கொட்டகைச் சாவியை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். இடுப்புக் கயிற்றில் முடிந்து வைத்திருப்பார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். 'சாவிக்காரர்' என்றுதான் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பேர். என் அம்மாவைச் 'சாவிக்காரர் சம்சாரம்' என்பார்கள். ஏழை வீட்டுக்கு அது ஒரு பட்டம். ஒரு காலத்தில் உர மூட்டைகள் குறைய ஆரம்பித்தன. ஒருநாள் காலை பெரட்டு முடிந்து, ஆள்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்த பிறகு, உரக் கும்பல் முழுக்க வாளியோடு கொட்டகை வாசலில் நிற்க, அப்பா சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை. எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பூட்டு புதிது என்பது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. மூன்றாவது தடவை திருகும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணியார் பின்னாலிருந்து வந்தார். அப்பா முகத்தைப் பார்க்காமலேயே தன் கையிலிருந்த சாவியால் திறந்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நான் அதைப் பார்த்தேன்.

ஒருவரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை, புவனா. சொல்லியிருந்தால் 'நான் இல்லை' என்று சொல்லியிருப்பார், சண்டை போட்டிருப்பார். பூட்டு சொன்னதற்கு என்ன பதில் சொல்வது? மூட்டைகளை எடுத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பட்டம் மட்டும் போகவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. "டேய் சாவிக்காரன் மவனே, சாவி எங்கடா?" என்று பள்ளியில் கத்துவார்கள். அப்பா அதன் பிறகு பத்து வருடம் உயிரோடு இருந்தார். எந்தக் கதவையும் முதலில் போய்த் திறந்ததில்லை, யாராவது திறக்கட்டும் என்று பின்னால் நிற்பார். நான் சொந்தமாக ஒரு கதவு வைத்த அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன்: என்னிடம் வேலை செய்கிறவன் கையிலுள்ள சாவி ஒருநாளும் செல்லாமல் போகாது. அதை என் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலைக்காரர்களிடம்கூட ஜம்பமாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ இதெல்லாம் தெரியாமலேயே என்னை மடக்கினாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்குகிறது. அடுத்த நாள் காலை ரேம்ப்பில் நான் குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பழுத்த குலையை அடுக்கி, அடியில் காயைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மேல் வரிசையைப் பார்த்து விலை சொல்கிற ஆள் நான் இல்லை. கம்பியால் புரட்டி, பழுத்ததற்கு அடையாளமாக உதிரிப் பழம் விழுகிறதா என்று பார்ப்பேன். அன்று என் சொந்த மைத்துனர் லோரி. அதையும் புரட்டினேன். நீ டீக் கோப்பையோடு வந்து நின்றாய். "அப்பா, மாமா கோவிச்சிக்கலையா?" "எதுக்குக் கோவிக்கணும்? எல்லார் லோரியும்தானே பொரட்டுறேன்." "ஒருத்தர் லோரிய மட்டும் பொரட்டுனா?" "வெட்டிப் போட்ருவான் லா." நீ சிரித்தாய். "சாவியும் அதேதாம்பா. சந்தேகம் வந்து மாத்துனா அது அவமானம். தேதி வந்துச்சின்னு எல்லாருக்கும் மாத்துனா, அது நீங்க கொலயப் பொரட்டிப் பாக்குற மாதிரி." இருபது வருட வியாபாரியை அவன் சொந்தக் கம்பியாலேயே புரட்டிப் போட்டுவிட்டாய்.

"பழைய சாவியத் தூக்கிப் போட்டுட்டா பழைய கோப்பு எப்படித் தெறக்கும்?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தாய். "கோப்பப் பூட்டுற சாவிய ஒடனே அழிக்க மாட்டோம். பழசு பழையத மட்டும் தெறக்கும், புதுசா எதையும் பூட்டாது. எல்லாம் புதுச் சாவிக்கு மாறுனப்புறந்தான் அழிப்போம். கௌண்டர்ல உள்ள நொழையுற சாவி மட்டும் அன்னிக்கே செல்லாது. சித்தப்பாகிட்ட ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும், புதுசக் கையில குடுக்கணும். நான் சொல்லட்டா?" "வேணாம். நான் சொல்லிக்கிறேன்" என்றேன். என் ஆள், என் வாயால் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். நினைத்தது சரி. செய்ததுதான்...

ஒரு வாரம் இருந்தது. தினமும் மத்தியானம் நானும் சண்முகமும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். திங்கள்கிழமை சொல்ல வாய் எடுத்தேன்; அவர் மகளுக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னார், விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை மழை, லோரிகள் சேற்றில் மாட்டின. புதன்கிழமை அவருக்கு எதிரில் உட்கார்ந்து, "சண்முகம்..." என்றேன். "என்னாண்ணே?" என்று நிமிர்ந்தார். என் அப்பா சட்டையில் சாவியைத் துடைத்தது கண்ணுக்கு முன் வந்தது. "ஊறுகா இருக்கா?" என்று கேட்டேன். வியாழன், வெள்ளி போய்விட்டன. நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு "சொல்லிட்டீங்களா?" என்றபோது "ஆங், ஆங்" என்றேன். அது பொய். நல்ல தடிமனான பொய்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பழைய சாவி செத்தது. வெளியே பதினைந்து லோரி நின்றன. சண்முகம் முதல் லோரியின் எடையைத் தட்டினார், கணினி ஏற்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். 'அனுமதி இல்லை' என்று சிவப்பாக வந்தது. கௌண்டர் சன்னலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் படித்துவிட்டான். "என்னா சண்முகண்ணே, ஒங்களையே உள்ள விட மாட்டேங்குது? என்னாத்த பண்ணுனீங்க?" பின்னால் சிரிப்பு. இன்னொருவன், "மொதலாளி காசுல கைய வச்சிட்டாரு போல" என்றான். சண்முகம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எட்டடி தூரத்தில்தான் நின்றேன். ஒரு வரி போதும்: 'என் தப்பு, சொல்ல மறந்துட்டேன்.' நான் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை.

சாவி மாற்றவென்று முதல்நாள் இரவே வந்திருந்த நீதான் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாய். என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், ஒரு நொடியில் முழுவதும் விளங்கிவிட்டது உனக்கு. "சித்தப்பா, என் தப்பு. நேத்தே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். மன்னிச்சிக்குங்க" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாய். இருபது நிமிடத்தில் புதுச் சாவி போட்டு வரிசையை நகர்த்திவிட்டாய். சாயங்காலம் ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், உனக்கும் தெரியும். மறுநாள் சண்முகம் டிபனை எடுத்துக்கொண்டு லோரிக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். "சண்முகம், இங்க வாங்க" என்றேன். "இருக்கட்டுங்க மொதலாளி" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். உன்னைப் 'பாப்பா' என்பதையும் விட்டுவிட்டார். 'மேடம்' என்றாராமே ஒருமுறை. அதைக் கேட்டு நீ அம்மா மடியில் படுத்து அழுதது எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அதற்கு நான்கு மாதம் கழித்து நடந்ததுதான் என்னை முழுசாக உடைத்தது. ஒரு சனிக்கிழமை நீ மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாய். "அப்பா, யாரோ நம்ம பழைய சாவிய வச்சி உள்ள வரப் பாத்திருக்காங்க. ரெண்டு நாள்ல ஏழு தடவ. தெறக்கல, செத்த சாவி. ஆனா எந்த மிசின்லேர்ந்து தட்டுறாங்கன்னு இதுல தெரியுது. கௌண்டர்ல முன்னாடி இருந்த கணினி. அது எங்கப்பா?" எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சாவி மாற்றுவதற்கு இரண்டு மாதம் முன் கௌண்டருக்குப் புதுக் கணினி வாங்கினேன். பழையதை லுக்குட்டில் ஒரு கடையில் தள்ளிவிட்டேன். பழசைக் கொடுத்தால் புதிதில் கொஞ்சம் கழிப்பார்கள் என்று. "உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிட்டுக் குடுங்கண்ணே" என்று சண்முகம் அன்றே சொன்னார். "குப்பைய எவன் பாக்கப் போறான்?" என்று லோரியில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெட்டி கை மாறிக் கை மாறி எவனிடமோ போய்ச் சேர்ந்திருக்கிறது. சாவியை வெளியே விட்டது சண்முகம் இல்லை, புரோகிராமர் இல்லை, ரிப்பேர்க்காரன் இல்லை. நான். நீ மட்டும் மாற்றாமல் இருந்திருந்தால் நானூறு குடும்பத்தின் ஐசியும் பட்டாவும் வங்கி எண்ணும் என் கஞ்சத்தனத்தால் எவன் கையிலோ போயிருக்கும். அதன் பிறகு எந்த மூஞ்சியோடு அந்த மேடையில் நின்று குலை வாங்குவது?

அதை உன்னிடம் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சரிப்பா. தேதிக்கு மாத்திட்டோம்ல, விடுங்க." அவ்வளவுதான். மேடையில் வைத்துக் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, 'நான் அப்பவே சொன்னேன்' என்ற அந்த வரி, எந்தப் பிள்ளையும் தன் அப்பனிடம் ஒருமுறையாவது சொல்லத் துடிக்கும் வரி, அதையும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியவன் நான். நிற்காமல் தப்பினேன், ஏனென்றால் யாரையும் குறிவைக்காமல் பூட்டு முன்பே மாறியிருந்தது. அன்றுதான் உன் தாத்தாவைப் புதிதாக நினைத்துப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கொட்டகைப் பூட்டையும் மாற்றுகிற வழக்கம் இருந்திருந்தால், அந்தக் காலை வெறும் ஒரு காலையாகப் போயிருக்கும். அவரைக் கொன்றது பூட்டு மாறியது இல்லை. அவர் ஒருவருக்காக மாறியது, அதை யாரும் அவரிடம் சொல்லாமல் விட்டது. ஐம்பது வருடமாக நான் தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டு, அதைப் பெரிய மனசு என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அதைவிடக் கேவலம், எந்த அவமானத்துக்குப் பயந்தேனோ அதையே என் கையால் சண்முகத்துக்குச் செய்துவிட்டேன்.

இப்போது ரேம்ப் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தேதி, கீழே பேர்கள். முதல் பேர் என்னுடையது. நீதான் அப்படிப் போட்டாய். லோரிக்காரர்கள் அந்த நாளை 'சாவித் திருவிழா' என்கிறார்கள். ஒருமுறை என் சாவியை மாற்ற நான் மறந்து, மூன்று நாள் உள்ளே போக முடியாமல் என் கடையில் நானே வாடிக்கையாளர் போல் நின்றேன். ரேம்ப்பே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு விஷயத்தை வலிக்காமல் ஆக்குவதற்கு வெறும் கணினிப் படிப்பு போதாது, புவனா. அந்த நிறுவனம் உன்னை ஏன் எடுத்தது என்று அவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு நான் சொல்லத் தகுந்த புத்தி ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் தப்பிலிருந்து எடுத்தது. அங்கே உனக்குக் கீழே ஆள்கள் இருப்பார்கள். சாவி மாறும் நாளில், சாவி வைத்திருக்கிற ஆளிடம் உன் வாயால் போய்ச் சொல். மின்னஞ்சல் போட்டேன் என்று சொல்லாதே. தோல் வெள்ளையாக இருந்தாலும், திரை 'அனுமதி இல்லை' என்று காட்டும்போது எல்லா மனுஷனும் திரும்பித் தன் மேலே இருப்பவரைத்தான் பார்ப்பான். அப்போது நீ காதில் கைப்பேசியை வைத்துக்கொள்ளாதே.

இதுவரை எழுதியதை முந்தாநாள் சண்முகத்திடம் கொடுத்தேன். "மலருக்குப் போவுது. மொதல்ல நீங்க படிங்க" என்றேன். கௌண்டரில் உட்கார்ந்து, நான் பார்க்கப் பார்க்கப் படித்தார். இரண்டு இடத்தில் சந்திப்பிழை திருத்தினார். பிறகு தலையைத் தூக்காமல், "பதினஞ்சு லோரி இல்லங்க மொதலாளி. பதினேழு" என்றார். நான் அந்த எண்ணைத் திருத்தவில்லை. அவர் எண்ணி வைத்திருந்ததை நான் தெரிந்துகொண்ட இடம் இப்படியே இருக்கட்டும். "பாப்பா மேல தப்பில்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருக்கலாம்" என்றேன். "அந்தப் புள்ளயப் போயி மேடம்னு கூப்புட்டனே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் மொதலாளிதான். அதை மாற்றுவதும் மாற்றாததும் அவர் விருப்பம்.

ஆனால் நேற்று சாயங்காலம் கிளம்பும்போது மோட்டாரை நிறுத்தி, "சனிக்கெழம பாப்பாவ ஏர்போட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "வேணா. நீங்க காடிய லோரி மாதிரி எடது ஓரமா உருட்டிக்கிட்டே போவீங்க, பாப்பா பிளேன விட்டுட்டு நிக்கும். நான் ஓட்டுறேன். நீங்க பின்னால ஒக்காந்து பொட்டியப் புடிச்சிக்குங்க." பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாராம், தாமதம் பண்ணாதே. முன் சீட்டில் நீ உட்கார். பேச வேண்டியதையெல்லாம் பேசிக்கொண்டு வாருங்கள். நான் பின்னால் பெட்டியோடு வாயை மூடிக்கொண்டு வருகிறேன்.

அப்பா